சிறகு முளைக்குமுன்

மயிர்க்கொட்டி கூட்டினுள் அடங்கி வண்ணாத்திப்பூச்சியாய் வெளிப்படும் விந்தையை நம் மாணவர் கீழ்வகுப்பிலேயே கற்கின்றனர். அத்தகைய கூட்டுறக்கம் இன்றியே, உடலின் புறத்தே சிறிது சிறிதாகச் சிறகு வளர்க்கும் பூச்சிகளை நாம் அத்துணை மதிப்பதில்லை. கரப்பான், தும்பி, சிள்வண்டு, வெட்டுக்கிளி ஆகியன இவ்வகையின. இவற்றின் வளர்ச்சியைக் குறை உருமாற்றம் என்பர். இப்பெயர் நமக்கு உவப்பானதன்று. இங்கே குறைவது கூட்டுப்புழுப் பருவம் ஒன்றே.

பாலைவன வெட்டுக்கிளியை எடுத்துக்கொள்வோம். ஈரமணலுள் இட்ட முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, சிறகு நீங்கலாகப் பெரும்பாலும் தாயின் சாயலே. உணவும் அதே பச்சிலையே. இப்பருவத்தை நம் நாட்டுப் பாடநூல்கள் அணங்கு என்கின்றன. வருத்தும் தெய்வத்துக்கு முன்னோர் வழங்கிய சொல்லை இச்சிற்றுயிருக்குச் சூட்டியவர் கமக்காரர் துயரும் அறிந்தவர் போலும்!

பூச்சியின் புறத்தோல் உடலோடு வளர்வதன்று. ஆகவே உடல் பருக்குந்தோறும் பழந்தோலைக் கழற்றல் வேண்டும். கூட்டமாய் வாழும் அணங்கு ஐந்து முறை தோல் கழற்றும். மூன்றாம் பருவத்தில் தோளருகே சிறகரும்பு புலனாகும். நான்காவதில் அது முதுகின்மேற் படியும். ஐந்தாவதில் மேலும் நீளும். ஆயினும் பறத்தற்கு உதவாது. இறுதித் தோல் கழன்ற பின்னரே, மடிந்து கிடந்த சிறகுகளுட் குருதி பாய, அவை விரிந்து உலர்ந்து வலுப்பெறும்.

முட்டை பொரித்தபின் இந்நிலை எய்தச் சராசரி 36 நாள் செல்லும். குளிரில் இன்னும் நீளும். மனிதனுக்கு வாய்த்த தவணை இதுவே. சிறகிலா அணங்குகள் அணியணியாய்த் தரையில் தத்திச் செல்கையில் மருந்து தெளித்து அடக்குதல் எளிது. சிறகு பெற்ற கூட்டமோ காற்றின் வழியே ஒரு நாளில் 150 கிலோமீற்றர் வரை கடக்கும். ஒரு சதுர கிலோமீற்றர் பரப்புள்ள கூட்டம் ஒரே நாளில் 35,000 மாந்தர்க்குரிய உணவை உண்ணுமென உணவு விவசாய தாபனம் கணித்துள்ளது.

2018ஆம் ஆண்டில் மெக்குனு, லுபான் என்னும் இரு சூறாவளிகள் அராபியப் பாலையின் ஆளற்ற பகுதியில் மழை பொழிந்தன. அங்கே மூன்று தலைமுறைகள் காண்பாரின்றிச் சிறகு பெற்றன. அவை பரந்து சென்ற யேமனிலோ போர். தடுப்பு வேலை செவ்வனே நடைபெறவில்லை. 2020இல் கென்யா எழுபதாண்டுகளாகக் காணாத படையெடுப்பைக் கண்டது. எதியோப்பியா, சோமாலியா, பாகிஸ்தான், இந்தியாவின் இராசத்தான் ஆகியனவும் தப்பவில்லை.

அவ்வாண்டில் குருணாகல் மாவட்டத் தோட்டங்களில் வெட்டுக்கிளிகளைக் கண்டு நம் நாட்டவரும் கலங்கினர். அவை புள்ளி வெட்டுக்கிளி என்னும் வேறினம். சிறகு முற்றியும் பறப்பதிற் பெருஞ்சோம்பேறி அது.