கமிஷன் 500, பொறுப்பு ஒன்றரை லட்சம்!

திண்டிவனத்தைச் சாலைகளின் சந்தி என்றே சொல்லிவிடலாம். சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலை இங்கேதான் கிளை விடுகிறது. ஒரு கிளை புதுச்சேரிக்குப் போகிறது. இன்னொன்று செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்கு. தாய்ச் சாலையோ தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் ஓடி விழுப்புரத்தைத் தொடுகிறது.

சாலைகள் கூடுமிடத்தில் லாரிகள் கூடும். லாரிகள் கூடுமிடத்தில் புக்கிங் ஆபீஸ் முளைக்கும். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஓயாமல் மணியடிக்கும் செல்போன்: இதுதான் முதலீடு. சரக்கு வைத்திருப்பவருக்கு லாரி வேண்டும். லாரி வைத்திருப்பவருக்குச் சரக்கு வேண்டும். இருவருக்கும் முடிச்சுப் போட்டுவிட்டுக் கமிஷன் வாங்கிக்கொள்பவர் லாரி புரோக்கர்.

கல்யாணத் தரகு மாதிரிதானே என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் வித்தியாசம்! தாலி ஏறியதும் கல்யாணத் தரகர் பந்தியில் உட்கார்ந்துவிடலாம். லாரித் தரகருக்கோ வண்டி கிளம்பிய பிறகுதான் கவலையே ஆரம்பம்.

ஒரு கற்பனைக் கணக்குப் பார்ப்போம். விழுப்புரம் மண்டி வியாபாரி ஒருவர் மதுரை அப்பளக்காரருக்கு 100 மூட்டை உளுந்து அனுப்புகிறார். சரக்கின் மதிப்பு 8 லட்சம் ரூபாய், வாடகை 15,000, புரோக்கருக்குக் கமிஷன் 500. புதுச்சேரியில் சரக்கு இறக்கிய லாரி ஒன்று காலியாக நிற்கிறது. காலியாகத் திரும்பினாலும் டீசல் குடிக்கும்; சுங்கச் சாவடியும் சும்மா விடாது. ஆகவே, குறைந்த வாடகைக்கே 'ரிட்டர்ன் லோடு' ஏற்றச் சம்மதிக்கிறார் டிரைவர். "முதலாளி, வண்டி ரெடி!" என்கிறார் புரோக்கர். தார்ப்பாயில் இருந்த கிழிசலை யாரும் பார்க்கவில்லை. வழியில் மழை. மதுரையில் இறங்கியது உளுந்தா, ஊறவைத்த உளுந்தா என்று சந்தேகம்!

"வண்டியைக் காட்டியதோடு என் வேலை முடிந்தது. ஓட்டினது அவன், நனைத்தது மழை. நடுவே நான் என்ன செய்ய, முதலாளி?" என்று புரோக்கர் கையை விரிக்கிறார்.

சட்டம் அதை ஒப்புக்கொள்வதில்லை. 1865-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2007-இல் இயற்றி, 2011 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 'காமன் கேரியர்' என்ற சொல்லுக்குள் புக்கிங் கம்பெனி, ஏஜெண்டு, புரோக்கர் ஆகியோரையும் சேர்த்திருக்கிறது. இந்தத் தொழில் செய்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். சரக்குக்கு ரசீது தரவேண்டும். சரக்கு கெட்டால், அது இன்னாருடைய அஜாக்கிரதை என்று வியாபாரி நிரூபிக்க வேண்டியதும் இல்லை.

பொறுப்புக்கும் ஓர் அளவு உண்டு: பொதுவாக, வாடகையைப் போல் 10 மடங்கு. நம் கணக்கில் ஒன்றரை லட்சம் ரூபாய். அதைக் கட்ட, 300 லோடு ஏற்றிய கமிஷன் போய்விடும்!

மழையை விடப் பெரிய ஆபத்து, லோடு கை மாறுவது. விழுப்புரத்துப் புரோக்கர் திண்டிவனத்துப் புரோக்கரிடம் சொல்ல, அவர் மற்றொருவரிடம் சொல்ல, ஆளுக்கொரு கமிஷன் போய், லாரிக்காரருக்கு மிஞ்சுவது சொற்பம். நடுவே ஒருவர் பணத்தோடு மறைந்தால், "வாடகை வந்தால்தான் மூட்டை இறங்கும்" என்று டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். வியாபாரியோ முதல் புரோக்கரின் சட்டையைத்தான் பிடிப்பார்.

தப்பிக்க வழி இல்லையா? இருக்கிறது, பத்து நிமிஷ வேலைதான். ஆர்.சி., எப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், டிரைவரின் லைசென்ஸ் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். லாரி நம்பரைப் பரிவாஹன் தளத்தில் சரிபார்க்கலாம். நம்பர் பலகையை மாத்திரம் நம்பாமல் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒத்துப்பார்ப்பது நல்லது. லாரி உரிமையாளரிடம் நேரே பேசவேண்டும். வழியில் வேறு வண்டிக்கு மாற்றக் கூடாதென்று எழுதி வாங்கவேண்டும். சரக்கைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட ரசீது திரும்பி வரும்வரை வாடகையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க, அதை முன்னதாகவே பேசிக்கொள்ளவேண்டும். தார்ப்பாயை விரித்துப் பார்ப்பதற்குச் சட்டம் படிக்கவேண்டியதில்லை!

சரக்கு அனுப்பும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. லாரிக்கு இன்சூரன்ஸ் இருப்பதனாலேயே சரக்குக்கும் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். சரக்குக்குத் தனிப் பாலிஸி எடுக்கவேண்டும். 10 மடங்குக்கு மேல் ஈடு வேண்டுமானால், மதிப்பை முன்பே எழுதிக் கொடுத்து, அதற்குரிய கூடுதல் கட்டணத்துக்கும் சம்மதிக்கவேண்டும். நஷ்டம் நேர்ந்தால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும். வாய்ச்சண்டை கோர்ட்டில் செல்லாது.

வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன், அது ஏன் குறைகிறது என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். பதில் சில சமயம் தார்ப்பாயிலேயே தெரியும்.