‘பீடி, சிகரெட் தொட்டதே இல்லை!’

“புகையிலைப் பழக்கம் உண்டா?” என்று பல் மருத்துவர் கேட்டால் நம் ஊரில் பலரும் சொல்லும் பதில் இதுதான். பொய்யும் இல்லை. ஆனால் சுருக்குப்பையைத் திறந்தால் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பாவோடு ஒரு துண்டுப் புகையிலையும் இருக்கும். அதை அடக்கி அடக்கி ஒரு பக்கக் கன்னத்தின் உட்புறம் வெளுத்துத் தடித்திருக்கும். “வெத்தலை போடுவேன், அவ்வளவுதான்” என்பார்கள். புகை வந்தால்தான் அது புகையிலை என்று நினைப்பு.

மட்டையில் வந்த மரியாதை

16-ஆம் நூற்றாண்டில் ழான் நிக்கோ என்ற பிரெஞ்சுத் தூதர், போர்ச்சுகலிலிருந்து தம் அரச குடும்பத்துக்குத் தலைவலி மருந்தாக அனுப்பிய சரக்குதான் புகையிலை. ‘நிகோட்டின்’ அவர் பெயரால் வந்ததுதான். போர்ச்சுகீசியர் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நம்மவர்கள் அதற்குக் கொடுத்த இடம் கொஞ்சநஞ்சமல்ல. பழனி முருகனிடமே புகையிலையைத் தூது அனுப்பிப் பாடினார் சீனிச்சர்க்கரைப் புலவர்!

மூக்குப்பொடிக்கோ இன்னும் மதிப்பு. சிகரெட்டோடு பிடிபட்ட மகனைத் தெருவரை விரட்டிய பெரியவர், பேரனிடம் காசு கொடுத்துப் பொடி மட்டை வாங்கிவரச் சொல்வார். காய்ந்த வாழை மட்டையில் மடித்த அந்தப் பொடியை வீட்டில் யாரும் கெட்ட பழக்கமாக நினைத்ததில்லை.

அறிஞர் அண்ணாவுக்குப் பொடிப் பழக்கம் இருந்தது ஊரறிந்தது. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு 1968-ல் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்தும், 1969 பிப்ரவரி 3 அன்று 59 வயதில் மறைந்தார். ஒருவருக்கு நோய் எதனால் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் புகைக்காமல் பயன்படுத்தும் புகையிலை வாய், உணவுக்குழாய், கணையம் மூன்றிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்த உண்மை.

சுண்ணாம்பு செய்யும் வேலை

சுண்ணாம்பின் காரத்தன்மையால் புகையிலையின் நிகோட்டின் எளிதில் கன்னத்தின் மென்தோல் வழியே ரத்தத்தில் இறங்கிவிடும். ‘சுர்ரென்று ஏறுகிறது’ என்பது இதைத்தான். இலையைப் பதப்படுத்தும்போதே நைட்ரோசமைன் என்ற நச்சுகள் அதில் உருவாகிவிடுகின்றன. அதற்கு நெருப்பு வேண்டியதில்லை. புகையிலையை விட்டுவிட்டுப் பாக்கு மட்டும் போடுகிறேன் என்பவர்களுக்கும் நல்ல செய்தி இல்லை. பாக்கே புற்றுநோய்க் காரணிதான்.

2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் புகைப்பவர் 100-க்கு சுமார் 11 பேர்; மெல்பவர், பொடி போடுபவர், அடக்குபவர் 21 பேர். தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013 முதல் தடை. ஆனாலும் ‘ஹான்ஸ்’, ‘கூல் லிப்’ என்று புகையிலைப் பொட்டலங்களின் பெயரைச் சொன்னால், என்ன அது என்று முழிக்கும் பள்ளிப் பையன்கள் குறைவு.

மூன்று விரல்

கண்ணாடி முன் நின்று, உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையா? பாக்கு போடுபவர்களுக்கு வாயின் உட்சவ்வு நார்போல் இறுகும் நோயாக இருக்கலாம். காரம் பட்டாலே எரிவது, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண் எதுவானாலும் டாக்டரிடம் காட்டுங்கள். தொடக்கத்தில் வலி இருக்காது. அதனால்தான் பலரும் தாமதித்துப் போகிறார்கள்.

விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் உண்டு. விட்ட முதல் சில நாட்கள் எரிச்சலும் தூக்கமின்மையும் படுத்தும், பிறகு தணியும்.

நடவு வயலில் நிற்கும் அம்மா, “வாயில இது கிடந்தா பசி தெரியாதுய்யா” என்பார். அவரிடம் புற்றுநோய்ப் படத்தைக் காட்டுவதைவிட, பதினோரு மணிக்கு ஒரு சொம்பு கூழ் கரைக்குக் கொண்டுவந்து கொடுக்க ஆள் வேண்டும்.