புகைபோக்கி வழியே போகும் பொருள்

கண்ணாடி வளையல் ஒலிக்காத இல்லம் நம் நாட்டில் அரிது. அவ்வளையல்களில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்துப் பிரோஸாபாத் நகரில் உருவாகிறது. மணல், சோடாச் சாம்பல், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றைக் களிமண் மூசைகளில் இட்டு, ஏறத்தாழ 1,400 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருக்குகின்றனர். அக்குழம்பை இழையாக இழுத்து, சுழலும் உருளையின்மீது சுருளாகச் சுற்றி அறுக்கின்றனர். வளையங்களின் முனைகளை விளக்குச் சுடரில் காட்டி ஒட்டும் வேலை வீடுகளில் நடைபெறுகிறது. உருக்கும் உலையை மாலையில் அணைத்துக் காலையில் மூட்ட இயலாது. அது அல்லும் பகலும் எரிந்தாக வேண்டும். ஆகவே, இச்சிறுதொழிலின் லாபநஷ்டம் பெரிதும் எரிபொருளையே பொறுத்தது.

நெடுங்காலம் அவ்வெரிபொருள் நிலக்கரியாக இருந்தது. அதிலுள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்ஸைடு ஆகிறது; அது காற்றின் ஈரத்தோடு கூடி அமிலமாகிச் சலவைக்கல்லை அரிக்கும். தாஜ்மஹால் அமைந்த ஆக்ராவோ ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. தாஜ்மஹாலைச் சூழ்ந்த 10,400 சதுர கிலோமீட்டர் பரப்பிலுள்ள 292 தொழிற்சாலைகள் இயற்கை வாயுவுக்கு மாறவேண்டும், அன்றேல் அப்பரப்பை விட்டு வெளியேற வேண்டும் என்று 1996 டிசம்பர் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உலைக்காரர் பலர் பழைய உலையிலேயே வாயு எரிப்பானைப் பொருத்தினர். கரும்புகை நின்றது, விரயம் நிற்கவில்லை. உலையை விட்டு வெளியேறிய வாயுக்கள் பெருவெப்பத்தையும் தம்முடன் கொண்டுபோயின. விலை கொடுத்து வாங்கிய எரிபொருளின் ஒரு பகுதி வானத்தையே சூடாக்கியது.

இதற்குப் பரிகாரம் கண்டது டெரி என்னும் தில்லி ஆராய்ச்சி நிலையம். சுவிட்ஸர்லாந்து அரசின் உதவியுடன் அது புதியதோர் உலையை வகுத்தது. அதன் தத்துவம் நம் இல்லத்தரசியர் அறிந்ததே. தலையடுப்பில் மிஞ்சும் அனல் கொடியடுப்பில் வெந்நீர் காய்ச்சுகிறதல்லவா? அவ்வாறே இங்கும் வெளியேறும் வாயுவின் வெப்பம், உலைக்குள் நுழையும் காற்றைச் சூடாக்குகிறது. சூடேறிய காற்றில் எரிவதால் குறைந்த வாயுவே போதுமானதாகிறது. வெறுமனே வாயுவுக்கு மாற்றப்பட்ட பழைய உலையைக் காட்டிலும் இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிபொருள் மிச்சமாகிறது.

புதிய உலைக்கு முதலீடு அதிகம். சிறுதொழிலாளி ஏட்டுக் கணக்கை நம்பிக் கடன் வாங்கமாட்டார். பக்கத்து உலை எரிவதைக் கண்ணால் கண்ட பின்னரே துணிவார். எனவே மாதிரி உலை ஒன்றை அவ்வூரிலேயே இயக்கிக் காட்டுவதும், உலை கட்டும் கொத்தனார்களைப் பழக்குவதும் ஆராய்ச்சியைப் போலவே இன்றியமையாதன.

சட்டம் நிலக்கரியை விலக்கியது. விரயத்தை விலக்கியது விஞ்ஞானம். மாசு என்பதும் நஷ்டம் என்பதும் பல தொழில்களில் ஒரே புகைபோக்கி வழியாகவே வெளியேறுகின்றன. ஆயினும் ஒன்று எஞ்சி நிற்கிறது. உலையில் மிச்சமாகும் பணம், வீட்டில் விளக்குச் சுடரின் முன் குனிந்து வளையல் ஒட்டுபவரின் கூலியையும் சென்றடைய வேண்டும். அதற்கு எந்த உலையும் தானாக வழி செய்யாது; உலையை உடையவர்தாம் செய்யவேண்டும்.