விடைப்பத்திக்குப் பெயரிடுதல்

வானிலைக் களநிலையமொன்றில், மழைமானி காட்டும் அளவையும் ஆவியாதல் தொட்டியின் அளவையும் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு ஓர் அட்டவணையில் குறித்து வருவதாகக் கொள்வோம். இரண்டும் மில்லிமீட்டரில் குறிக்கப்படுவன. ஆகவே ஒன்றின் எண்களை மற்றதன் எண்களாகக் கொண்டுவிட்டால், எண்களைப் பார்த்த அளவில் பிழையை அறிதல் அரிது. பயிருக்கு வேண்டிய நீரின் கணக்கோ இவ்விரண்டையும் பற்றியே நிற்கிறது.

அவ்வட்டவணை கணிப்பொறியில் இருக்குமாயின், அதனை வினவுவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது எஸ்.க்யூ.எல். என்னும் மொழி. ஐ.பி.எம். நிறுவனத்தின் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974-இல் அதனை அறிமுகப்படுத்தினர்; 1986-இல் அமெரிக்காவில் அதற்குத் தரநிர்ணயம் வகுக்கப்பட்டது. 'செலக்ட்' என்னும் சொல்லின்பின், வேண்டிய பத்திகளைக் காற்புள்ளியிட்டு எழுதுவது முறை.

மாதத்தின் மொத்த மழையையும் மொத்த ஆவியாதலையும் ஒருங்கே கேட்டால், போஸ்ட்கிரெஸ் என்னும் அமைப்பு இரு விடைப்பத்திகளுக்கும் 'சம்' என்ற ஒரே தலைப்பை இட்டுவிடும். எது மழை, எது ஆவியாதல் என்பது கட்டளையை எழுதியவருக்கே தெரியும். தாள் கைமாறியபின் அதுவும் இல்லை. எனவே ஒவ்வொரு கூட்டலின் பின்னும் 'ஆஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதி, 'மொத்தமழை_மிமீ' என்றாற்போல அலகுடன் கூடிய மாற்றுப்பெயரை இடுதல் வேண்டும். இப்பெயர் விடைக்கு மட்டுமே உரியது. மூல அட்டவணை மாறாது.

மழையினின்று ஆவியாதலைக் கழித்து அதற்கு 'நீர்மிச்சம்' எனப் பெயரிட்டு, அப்பெயரையே 'வேர்' என்னும் நிபந்தனையில் எழுத முயல்வோர் பலர். பெரும்பாலான அமைப்புகள் அதனை ஏலா. வரிகளைத் தெரிந்தெடுத்த பின்னரே பெயர் பிறக்கிறது. வரிசைப்படுத்தும் 'ஆர்டர் பை' பகுதியில் அதனைத் தடையின்றி எழுதலாம்.

இனி, மெய்யாகவே அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. 'ஆஸ்' என்ற சொல்லை விட்டுவிட்டு, பத்தியின் பின்னே பெயரை மட்டும் எழுதினாலும் மொழி அதனை ஏற்கும். ஆதலின் 'செலக்ட் மழை, ஆவியாதல்' என்றெழுதுகையில் காற்புள்ளி தவறினால், கணிப்பொறி பிழையென்று கூறாது. மழையின் எண்களை 'ஆவியாதல்' என்னும் தலைப்பின்கீழ் அமைதியாகத் தந்துவிடும்! கேட்ட பத்திகள் இரண்டு, வந்தது ஒன்று என்பதே பிழையைக் காட்டும் குறி. நீண்ட கட்டளையில் இக்குறையும் கண்ணுக்குத் தப்பும். மாணவருக்குக் கற்பிக்கையில் இக்காற்புள்ளியை வேண்டுமென்றே விட்டுக் காட்டி, விடைப்பத்திகளை அவர்களையே எண்ணச் செய்யலாம்.