அலுமாரிக்குள் உறங்கும் பாடக் குறிப்புகள்

இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கற்பித்துவிட்டு ஓய்வுபெறும் ஆசிரியைகள் எமது ஊர்களில் பலர் உளர். அவர்களது வீட்டு அலுமாரியைத் திறந்தால் கட்டுக்கட்டாகப் பாடக் குறிப்புக் கொப்பிகள் இருக்கும். எந்த இடத்தில் பிள்ளைகளுக்கு விளங்காமல் போகும், எந்த உதாரணத்தைச் சொன்னால் சட்டெனப் பிடிபடும் என்பதெல்லாம் அவற்றின் ஓரங்களிலே எழுதப்பட்டிருக்கும். எந்தப் பாடநூலிலும் கிடைக்காத செல்வம் அது! ஓய்வுபெற்ற சில வருடங்களில் அந்தக் கொப்பிகள் பழைய கடதாசி வாங்குபவரின் தராசுக்குப் போய்விடுகின்றன.

இன்னொரு புறத்தில், கணிதத்திற்கோ விஞ்ஞானத்திற்கோ நிரந்தர ஆசிரியர் இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் தூரக் கிராமத்துப் பாடசாலைகளும் உள்ளன. அங்கே படிக்கும் பெண்பிள்ளையை நகரத்து டியூஷன் வகுப்புக்கு அனுப்புவதென்றால் கட்டணம் வேண்டும், பஸ் செலவு வேண்டும், கூடப் போய்வர ஒருவர் வேண்டும். ஆனால் உம்மாவின் கைத்தொலைபேசி பெரும்பாலும் வீட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் குறிப்பு வீணாகிறது, மறுபக்கம் பிள்ளை அதற்காகத் தவிக்கிறாள். இடையில் இருக்கும் தடை, குறிப்பை உரிய இடத்தில் வைக்க யாரும் முன்வராததுதான்.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது எமது ஆசிரியைகள் என்ன செய்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். வட்ஸ்அப் குழுக்களை ஆரம்பித்தார்கள். குறிப்பைப் படம் பிடித்து அனுப்பினார்கள். குரலில் விளக்கம் சொன்னார்கள். யாரும் காசு கேட்கவில்லை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. கடதாசி இல்லாத நாளிலும் திரையில் பாடம் படிக்கலாம் என்பதை அந்த இரண்டு வருடங்கள் எமக்குக் காட்டித்தந்தன. எனினும் அன்று அனுப்பியவற்றில் பெரும்பகுதி இன்று எங்கே? தொலைபேசி பழுதானதோடு போயிற்று.

ஸல்மான் கான் என்பவரின் கதை இவ்விடத்தில் பொருந்தும். (சினிமா நடிகரல்லர், வேறொருவர்.) வங்காளக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அவர், 2004இல் தூரத்து நகரிலிருந்த உறவுக்காரச் சிறுமி ஒருத்திக்குத் தொலைபேசி மூலம் கணிதம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். மற்ற உறவுப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள, ஒரே பாடத்தைப் பலமுறை சொல்வதை விட்டு 2006இல் யூடியூப்பில் பதிந்து வைத்தார். வீட்டுப் பிள்ளைகளுக்காகப் போட்டதை முன்பின் தெரியாத பிள்ளைகளும் பார்த்தார்கள். இன்று உலகெங்கும் இலவசமாகப் பயன்படும் கான் அக்கடமி அப்படித்தான் பிறந்தது. முகம் காட்டாமல், கறுப்புத் திரையில் எழுதிக்கொண்டே குரலால் மட்டும் விளக்கியதுதான் அவரது முறை. கமராவுக்கு முன் நிற்கத் தயங்கும் எமது ஆசிரியைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

“இலவசமாகக் கொடுத்தால் எமது பிழைப்பு என்னாவது?” எனக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வியே. ஆசிரியர் சம்பளம் இன்றைய விலைவாசிக்குப் போதாது. மாலையில் வகுப்பு நடத்தி உழைப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். நேரில் அமர்ந்து கொப்பி திருத்துவதற்கும் சந்தேகம் தீர்ப்பதற்கும் கட்டணம் வாங்கட்டும். ஆனால் பாடசாலை வகுப்புக்காக ஏற்கனவே எழுதிய குறிப்பை மற்றவருக்கு மறைப்பது வேறு விடயம். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியினால்தான் நம்மில் பலர் ஆசிரியரானோம். 1980 முதல் பாடநூல்களும் இலவசம். மக்கள் பணத்தில் கற்றவர் தாம் எழுதியதில் ஒரு பங்கை மக்களுக்கே திருப்பிக் கொடுப்பது பெரிய தியாகமுமல்ல.

மனிதன் மரணித்த பின்னரும் நன்மை வந்துகொண்டிருக்கும் காரியங்களில் பயன்தரும் கல்வியையும் நபி (ஸல்) அவர்கள் சேர்த்துச் சொன்னதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். முன்னோர் கையெழுத்துக் கிதாபுகளின் முதற் பக்கத்தில் ‘வக்பு’ என்று எழுதிப் பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவுக்கும் விட்டுச் சென்றது இந்த எண்ணத்தில்தான். பிரதி எடுப்பதற்கு மாதங்கள் சென்ற காலத்தில் அவர்கள் அப்படிக் கொடுத்தார்கள். எமக்கோ ஒரு விரல் அசைவு போதும்.

“பெயரை அழித்துவிட்டு டியூட் அடித்து விற்பார்களே!” என்ற பயமும் இருக்கிறது. எமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் சொந்தமாக எழுதியது பதிவு எதுவுமின்றியே எழுதிய கணத்திலிருந்து பாதுகாப்புப் பெறுகிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெயரையும், “இலவசமாகப் பிரதி எடுக்கலாம், விற்கக் கூடாது” என்பதையும் எழுதிவிடுங்கள். உலகம் முழுவதும் இதற்கென்றே கிரியேட்டிவ் கொமன்ஸ் என்ற அனுமதி முறை 2002 முதல் இருந்து வருகிறது. ஆனால் பிறருடைய வழிகாட்டி நூலைப் படம் பிடித்து உங்கள் பெயரில் போடுவது பகிர்தல் ஆகாது. அதற்குப் பெயர் வேறு.

எப்படிக் கொடுப்பது என்பதிலும் விடயம் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கோப்பை அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளே குவிந்து கிடக்கும். கூகுளில் தேடினாலும் அகப்படாது. ஆகவே யுனிகோட்டில் தட்டச்சுச் செய்து, பீ.டீ.எப். ஆக்கி, கோப்பின் பெயரிலேயே தரம், பாடம், அலகு, பாடத்திட்ட ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். கையெழுத்துக் கொப்பியாயின் பகல் வெளிச்சத்தில் நேராக வைத்துப் படம் பிடித்தால் போதுமானது. ஒரு மணிநேர வீடியோ நூற்றுக்கணக்கான எம்.பி. டேட்டாவைத் தின்றுவிடும், அதே விளக்கத்தைக் குரலாக மட்டும் பதிந்தால் சுமார் 30 எம்.பி.யில் அடங்கும். ரீலோட் போடப் பணம் பார்க்கும் தாய்க்கு இந்த வித்தியாசம் நன்கு தெரியும்.

தாய்மார்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஆசிரியையின் குறிப்பை மற்றக் குழுவுக்கு அனுப்பும்போது அடியிலுள்ள பெயரை வெட்டிவிடாதீர்கள். ‘நன்றி டீச்சர்’ என்று எழுதுவதோடு, பிள்ளைக்கு எந்தப் பக்கம் விளங்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அடுத்த தவணைக்கு முன் அந்தப் பக்கத்தை அவர் திருத்திப் போட்டுவிடுவார்.