தீவுகளும் வண்ணத்துப்பூச்சிகளும்

ஜாலான் புசார் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரங்களில் கறிவேப்பிலைத் தொட்டிகளைக் காண்கிறோம். அவற்றின் தளிர்களில் சில சமயம் பறவை எச்சம் போன்ற சிறு புழு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நம்மில் பலர் அதை நசுக்கிவிடுகிறோம். விட்டுவைத்தால், அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியாகச் சிறகு விரிக்கும். இதே இனம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு.

தீவுகளில் புதிய இனங்கள் தோன்றும் என்று படிக்கிறோம். சிங்கப்பூரும் தீவுதானே? இதற்கென்று தனி வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஏன் தோன்றவில்லை?

இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடியவர் ஆல்பிரட் ரசல் வாலஸ். 1854-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வந்திறங்கிய அவர், புக்கித் தீமா காட்டில் பூச்சிகளைச் சேகரித்தார். பின்னர் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டம் முழுவதும் சுற்றினார். சுலாவேசித் தீவின் வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றின் முன்சிறகுகள், அண்டைத் தீவுகளில் வாழும் உறவினங்களின் சிறகுகளைவிடப் பெரியவையாகவும் அதிகம் வளைந்தவையாகவும் இருப்பதைக் கண்டு வியந்தார்.

இது எவ்வாறு நிகழ்கிறது? காற்றில் அடித்துச் செல்லப்பட்ட சில பூச்சிகள் ஒரு தீவை அடைகின்றன என்று வைத்துக்கொள்வோம். தாய்நிலத்துக் கூட்டத்தின் பரம்பரைப் பண்புகளில் ஒரு பகுதியே அவற்றோடு வருகிறது. புதிய இடத்தில் செடிகள் வேறு, பகைவர்கள் வேறு. அங்கு பிழைக்க உதவும் மாறுதல்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்கின்றன. கடல் கலப்பைத் தடுக்கிறது. நெடுங்காலத்திற்குப் பின் இரு கூட்டங்களும் மீண்டும் சந்தித்தாலும் இணை சேர்வதில்லை. அப்போது அவற்றைத் தனித்தனி இனங்கள் என்கிறோம்.

ஆகவே, தீவாக இருந்தால் மட்டும் போதாது. நீண்ட காலப் பிரிவும் வேண்டும். கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது சிங்கப்பூர், மலாயா, சுமாத்திரா, போர்னியோ யாவும் ஒரே நிலப்பரப்பு. இன்றும் ஜொகூர் நீரிணை பூச்சிகளுக்குப் பெரிய தடையன்று. சுலாவேசியையோ ஆழ்கடல் அந்நிலப்பரப்பிலிருந்து பிரித்தே வைத்திருந்தது.

இலங்கையின் கதை சற்று வேறு. பனியுகங்களில் அது இந்தியாவோடு நிலத்தால் இணைந்திருந்தது. எனினும் இடைப்பட்ட நிலம் வறண்டது. மழைக்காட்டுப் பூச்சிகளுக்கு வறண்ட நிலமும் ஒரு கடலே. அதனால்தான் மேற்குத் தொடர்ச்சி மலையில் மலபார் ரோசா என்னும் இனமும், இலங்கையின் ஈரக்காடுகளில் இலங்கை ரோசா என்னும் வேறோர் இனமும் வாழ்கின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சிங்கப்பூரில் காடு குறைந்தபோது பல வண்ணத்துப்பூச்சிகள் இங்கிருந்து மறைந்தன. உரிய செடியை நட்டு வளர்த்தால், அவற்றுள் சில ஜொகூரிலிருந்து மீண்டும் பறந்து வரக்கூடும். ஆனால் அருகிவரும் இலங்கை ரோசா அழிந்தால், அது திரும்பி வர வேறிடம் இல்லை. உலகமே அதை இழந்துவிடும்.

தொட்டியிலுள்ள புழுவை அடுத்த முறை காணும்போது, இரண்டொரு கறிவேப்பிலைக் கொத்தை அதற்கு விட்டுக்கொடுப்போம்.