அசல் ருசி எது?

கடல் கடந்து குடியேறிய மனிதன் முதலில் தன் உடையை விடுகிறான். அவன் பிள்ளைகள் பாஷையை விடுகிறார்கள். நாக்கின் ருசி மட்டும் மூன்றாம் தலைமுறையிலும் விடாப்பிடியாக நிற்கிறது. ஆனால் அப்படி நிற்பது பழைய ருசிதானா, அல்லது பழைய பெயரைச் சூடிக்கொண்ட புதிய ருசியா என்பதில்தான் வழக்கு ஏற்படுகிறது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் டியர்பார்ன் என்று ஒரு நகரம் இருக்கிறது. போர்டு மோட்டார்த் தொழிற்சாலையில் கூலி கிடைக்கும் என்று லெபனான் தேசத்தார் பலர் அங்கே போய்க் குடியேறினார்கள். அவர்களுடைய உணவில் 'தபூலே' என்ற பச்சடி ஒன்று உண்டு. லெபனானில் அது பெரும்பாலும் கீரை. கொத்தமல்லியைப் போன்ற பார்ஸ்லித் தழையைப் பொடியாக நறுக்கி, கோதுமை நொய்யைப் பேருக்குச் சிறிது தூவுவார்கள். அமெரிக்கக் கடைகள் பலவற்றிலோ நொய்தான் மலையாகக் கிடக்கும், தழையைத் தேடவேண்டும். பெயர் என்னவோ அதே பெயர்தான். பெய்ரூத்திலிருந்து வந்த பாட்டி, "இது தபூலே அல்ல" என்றால், டியர்பார்னில் பிறந்த பேரன், "நான் அறிந்த தபூலே இதுதான்" என்று சொல்லக்கூடும். இருவரில் யார் சொல்வது நியாயம்?

இது வீட்டுச் சச்சரவோடு நிற்கும் விஷயமல்ல. கொண்டைக்கடலையும் எள் விழுதும் எலுமிச்சம்பழச் சாறும் சேர்ந்த 'ஹம்மஸ்' என்னும் துவையல் யாருக்குச் சொந்தம் என்று லெபனானுக்கும் இஸ்ரேலுக்கும் பெரிய விவாதமே நடந்தது. 2010-ஆம் வருஷம் லெபனானின் சமையல்காரர்கள் கூடி ஒரே தட்டில் 10,452 கிலோ ஹம்மஸ் செய்து உலகத்துக்குக் காட்டினார்கள். ஏன் அந்தக் கணக்கு? லெபனான் தேசத்தின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர்! தங்கள் பூமி முழுவதையும் தட்டில் பரப்பிவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

நேயர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். சிரித்து முடிந்ததும் நம் திருச்சி ஜில்லாவைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் ரயில் பாதையில் இருப்பது மணப்பாறை. அவ்வூருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை மாட்டுச் சந்தையும் முறுக்கும். அரிசி மாவில் எள், ஓமம், சீரகம் சேர்த்துப் பிழிந்து, எண்ணெயில் அரைவேக்காடாக எடுத்து ஆறவைப்பார்கள். பிறகு இரண்டாம் முறையும் எண்ணெயில் இட்டுப் பொன்னிறமாக எடுப்பார்கள். அந்த மொறுமொறுப்புக்கு இந்த இரட்டை வேக்காடு ஒரு காரணம். ஊர்த் தண்ணீரில் இயல்பாகவே உள்ள உவர்ப்பு மற்றொரு காரணம் என்பது ஊரார் கட்சி. ரயில் நிலையத்தில் விற்று விற்றே அதன் புகழ் வெளியூர்களுக்குப் பரவியது.

புகழ் பரவினால் பெயரும் களவு போகும் அல்லவா? எந்த ஊரிலோ ஒரே வேக்காட்டில் பொரித்த முறுக்கு, 'மணப்பாறை' என்ற சீட்டை ஒட்டிக்கொண்டு கடைக்குக் கடை தொங்குகிறது. இதனால் நஷ்டமடைகிறவர்கள் யார்? அடுப்பின் முன் உட்கார்ந்து கையால் முறுக்குச் சுற்றும் மணப்பாறைக் குடும்பங்கள்தான். இரண்டு முறை எண்ணெய் காய்ச்சும் விறகுச் செலவும் நேரமும் அவர்களுடையவை. பெயரால் வரும் லாபம் வேறொருவருடையது. 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் அமுலுக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் இத்தகைய அநீதிக்குப் பரிகாரமாக ஏற்பட்டது. அச்சட்டத்தின் கீழ்ப் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் 2019-இலும், மணப்பாறை முறுக்குக்கு 2023-இலும் பதிவு கிடைத்தது. பதிவு பத்து வருஷத்துக்குச் செல்லும். பிறகு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஆனால் சட்டம் பெயருக்குத்தான் காவல் போடும். ருசிக்குக் காவல் வாங்குகிறவர்களின் நாக்குத்தான்.

இனி, காவேரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போவோம். 'அசல்' என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் கோயில் மடைப்பள்ளியைக் காட்டிலும் பெரிய சாட்சி இல்லை. பழமை வழுவாத வைணவக் கோயில்களில் காரத்துக்கு மிளகுதான், மிளகாய்க்கு இடமில்லை. உருளைக்கிழங்கும் தக்காளியும் உள்ளே நுழைவதில்லை. காரணம் தெளிவானது. இவை மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குகள். 1492-இல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்ததற்குப் பிறகு, போர்த்துக்கீசியர் முதலானோரின் கப்பல்கள் வழியாக நம் நாட்டுக்கு வந்தவை. மடைப்பள்ளியின் நியமமோ அவற்றுக்கு முந்தியது. மிளகாய் என்ற பெயரே அதன் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறது: மிளகைப் போல் காரமுள்ள காய். புதிதாக வந்தவனுக்குப் பழைய குடியின் பெயரையே கொடுத்துவிட்டோம்!

வீடுகளிலும் இந்த ஞாபகம் அழிந்துவிடவில்லை. ஸ்ரீரங்கத்து அக்கிரகார வீடுகளில் பெரியோர்களின் திதியன்று மிளகாயை ஒதுக்கி மிளகும் சீரகமும் சேர்ப்பார்கள். 'இங்கிலீஷ் காய்கறி' என்று நம் பாட்டிமார் பெயரிட்ட முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு வகையறா அன்று வாசற்படி ஏறாது. ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய தமிழ்ச் சமையலை இன்று பார்க்க விரும்புகிறவர்கள் ஓட்டலுக்குப் போய்ப் பயனில்லை. திதி வீட்டில்தான் அதைத் தேட வேண்டும். மறுநாள் காலையில் அதே வீட்டில் உருளைக்கிழங்குக் கறியும் தக்காளி ரசமும் கமகமவென்று மணக்கும். அது அந்நியச் சமையல் என்று யாராவது சொல்லத் துணிவார்களா?

அப்படியானால், புதியதை விலக்குவதுதான் அசல் என்று முடிவு கட்டிவிடலாமா? அதற்கும் ஸ்ரீரங்கமே இடம் கொடுக்கவில்லை. அரங்கநாதரிடம் பக்தி கொண்டு டில்லியிலிருந்து பின்தொடர்ந்து வந்த சுல்தான் மகளைத் துலுக்க நாச்சியார் என்று கோயில் ஐதிகம் போற்றுகிறது. பிராகாரத்தில் அவளுக்குச் சித்திர வடிவில் சந்நிதி உண்டு. அவள் பொருட்டுப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியமாகின்றன. நெல் விளையும் காவேரிக் கரையில், அரிசிச் சோறே அமுதென்று கருதும் சந்நிதியில், கோதுமை ரொட்டி! மிளகாயைத் தடுத்து நிறுத்திய அதே மடைப்பள்ளி ரொட்டிக்குக் கதவைத் திறந்திருக்கிறது.

இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ரொட்டி அங்கே ரொட்டி என்ற பெயரோடேயே இருக்கிறது. அது ஏன் வந்தது, யாருக்காக வந்தது என்பதைக் கோயில் மறக்கவில்லை. மற்றவர்களும் மறக்காதபடி நாள்தோறும் ஞாபகப்படுத்துகிறது. பெயரும் பொருளும் ஒத்திருந்து, வந்த வழியும் நினைவில் இருந்தால், வெளியிலிருந்து வந்த பதார்த்தமும் அசலாகிவிடுகிறது. மணப்பாறை முறுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் பிழிந்தவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர் என்று சொல்வதுண்டு. அதனால் அதன் பெருமை குறைந்துவிட்டதா? அந்த ஊர்த் தண்ணீரும், ஊர்க் கைகளும், இரண்டாவது வேக்காட்டின் பொறுமையும் சேர்ந்து அதை மணப்பாறையின் சொத்தாக்கிவிட்டன. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுமையை விட்டுவிட்டவன் செய்வதைத்தான் போலி என்கிறோம்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் 1970-களில் எழுந்த வேங்கடேசுவரர் கோயிலின் புளியோதரை அந்த நாட்டு இந்தியர்களிடையே மிகவும் பிரசித்தம். காவேரித் தண்ணீர் இல்லை. நம் வயல் அரிசி இல்லை. ஆனாலும் புளியைக் காய்ச்சி, நல்லெண்ணெய் விட்டு, பெருமாளுக்குக் காட்டிவிட்டுக் கையில் கொடுக்கிறார்களே, அதைப் போலி என்று தள்ள யாருக்கு மனம் வரும்? நம் வீதியிலேயே, பாக்கெட்டுப் பொடியைச் சோற்றில் கொட்டிக் கிளறி, 'கோயில் புளியோதரை' என்று பலகை மாட்டுகிறவரைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

டியர்பார்ன் பாட்டிக்கும் பேரனுக்கும் இப்போது தீர்ப்புச் சொல்லலாம். பேரன் நொய்யை அதிகம் போட்டுக்கொள்வதில் குற்றமில்லை. ஊர் மாறினால் கை மாறும். ஆனால் பாட்டி எப்படிச் செய்தாள் என்பதை அவன் ஒரு முறையாவது பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டிருக்க வேண்டும். தெரிந்து மாற்றுகிறவன் சமையலை வளர்க்கிறான். தெரியாமல் மாற்றுகிறவனோ அதை இழந்துவிட்டு, இழந்ததையும் அறியாமல் இருக்கிறான்.

நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். அடுத்த திதிக்கு மிளகுக் குழம்பு கொதிக்கும்போது, பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்று பாராமல் அவர்களை அடுப்பண்டை கூப்பிட்டு, "இதில் ஏன் மிளகாய் இல்லை, தெரியுமா?" என்று கேளுங்கள். ஒரு சரித்திர பாடமும், ஒரு சமையல் பாடமும் சேர்ந்தே முடிந்துவிடும்.